ஜெயசீலி டீச்சரின் பெர்மிட்

பம்பாயில் அந்தக் காலத்தில் குடிப்பதற்கு வியாதி வேண்டும். வெயிலுக்கு இதமாக ஒரு கிளாஸ் ஜின் குடிக்கலாமே என்று யாருக்கும் தோன்றலாம். மதுவிலக்கு நடத்திய சர்க்காருக்கு அது போதாது. இன்னாருடைய உடம்பு மதுபானம் இல்லாமல் தாங்காது என்று ஒரு டாக்டர் உட்கார்ந்து எழுதித் தர வேண்டும். அந்தக் காகிதத்தைக் காட்டினால் பெர்மிட். பெர்மிட்டைக் காட்டினால் மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று பாட்டில். ஊர் முழுக்கக் கல்லுக்குண்டு மாதிரி இருந்த ஆட்களெல்லாம் நோயாளி என்று பெயர் வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருந்தார்கள். அப்படிப் பெயர் வாங்கியவர்களில், ஒரு சொட்டும் குடிக்காத ஒருத்தியும் இருந்தாள். செம்பூர் ஜெயசீலி டீச்சர்.

பெர்மிட் வாங்கிய வருஷம் 1965. அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. நாசரேத்தில் டீச்சர் டிரெய்னிங் முடித்து, ஜோசப்ராஜைக் கட்டிக்கொண்டு பம்பாய்க்கு வந்தவள். குழந்தை இல்லை. மாதுங்காவில் தமிழ்ப் பெண்மணிகள் சிலர் சங்கம் வைத்து நடத்திய ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்தாள். தினமும் செம்பூரில் ரயிலேறி, குர்லாவில் வண்டி மாறி, கசங்கிய சேலையோடு போய் இறங்குவாள். வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள். பாதிப் பேர் தாராவியில் தோல் பதனிடும் இடங்களில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். தெருவில் இந்தி பேசிவிட்டு வந்து, 'ழ'வைப் பார்த்தால் பாம்பைப் பார்த்த மாதிரி முழிப்பார்கள். அவர்களை டிசம்பருக்குள் வாசிக்க வைத்துவிடுவாள். யாராவது உங்களுக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் முப்பத்தாறு என்பாள். கேட்டவர்கள்தான் சங்கடப்படுவார்கள்.

அவளுக்கு இருந்த ஒரே குறை, ஆறு வருஷமாக டெம்பரரி. ஒவ்வொரு ஜூனிலும் கமிட்டி கூடி, இந்த வருஷத்துக்கு மட்டும் என்று ஓர் ஆர்டர் கொடுக்கும். ஒவ்வொரு ஏப்ரலிலும் அந்த ஆர்டர் செத்துப்போகும். மே மாதம் பூராவும், ஜூனில் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பெர்மனென்ட் ஆக வேண்டும். ஆண்டவரிடம் அவள் வேறெதையும் கேட்டதில்லை. பிள்ளை கேட்பதையும் முப்பத்தைந்து வயதோடு நிறுத்திவிட்டாள்.

ஜோசப்ராஜ் கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க். நல்ல குரல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவன் பாடினால் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவனுக்குக்கூடக் கேட்கும். சபைக் கமிட்டியில் இருந்தான். குடியைத் தொடமாட்டேன் என்று வாலிபத்திலேயே கையெழுத்துப் போட்டவன். அதை மீறவும் இல்லை. அவனுக்கு இருந்த போதை வேறு. ஆபீசர் ஆக வேண்டும், தனி மேசை வேண்டும், பியூன் எழுந்து நிற்க வேண்டும். அதைக் கொடுக்கக்கூடிய கை அவனுடைய மேனேஜர் சுந்தரராமனின் கை.

சுந்தரராமன் மாதுங்காக்காரர். இரண்டு வருஷம் கல்கத்தா ஆபீசில் இருந்தபோது சாயங்காலம் ஜின் குடிக்கக் கற்றுக்கொண்டு வந்தவர். பம்பாயில் அந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ள அவருக்கு இடமில்லை. வீட்டில் பூஜையறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் இடையே நாலடிதான். மனைவி அபயாம்பாள் வருகிற தபாலையெல்லாம் தானே பிரித்துப் படிப்பவள். பெர்மிட் என்று ஒரு கவர் வந்தால் அன்றைக்கே பிரளயம். இந்த அபயாம்பாள்தான் ஜெயசீலி வேலை பார்த்த பள்ளிக்கும் கரஸ்பாண்டென்ட்.

மார்ச் மாதம் ஒருநாள் ஜோசப்ராஜ் ஒரு ஃபாரத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.

"ஏட்டி, இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"என்னது இது?"

"பெர்மிட்டுக்குள்ள ஃபாரம். மேனேஜருக்கு ஜின் வாங்க."

"அவருக்குன்னா அவரு பேர்ல எடுக்கட்டும். எம்பேரு எதுக்கு?"

"அவரு எடுக்க முடியாதுட்டி, வீட்ல அந்தம்மா இருக்கு. எம்பேர்ல எடுத்தா சபையில தெரிஞ்சி கமிட்டில இருந்து தூக்கிருவாவ. ஆபீஸ்லயும் குடிகாரன்னு எழுதி வச்சிருவானுவ. பொம்பள பேர்ல இருந்தா எவன் பாக்கப்போறான்?"

"நான் சபைக்கு வரலியா? எனக்கு மானம் மரியாதை கிடையாதா?"

ஜோசப்ராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குரலைத் தணித்துக்கொண்டான்.

"சனிக்கிழமை சாயங்காலம் வருவாரு. ரெண்டு கிளாஸ் குடிப்பாரு, போயிருவாரு. அவ்வளவுதான். உனக்குப் பெர்மனென்ட் குடுக்கிறது யாரு? அவரு பொஞ்சாதி. இவரு ஒரு வார்த்தை சொன்னா அந்தம்மா மாட்டேன்னு சொல்லுமா? நான் எனக்காக மட்டும் கேக்கலட்டி."

இந்த இடத்தில் ஜெயசீலிக்காகப் பரிந்து பேச ஆசைதான். புருஷன் மிரட்டினான், அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள் என்று சொல்லிவிட்டால் சுலபமாகப் போய்விடும். அது பொய். அவள் பேனாவை எடுத்ததற்குக் காரணம் பெர்மனென்ட் என்ற அந்த ஒரு சொல். ஆறு வருஷம் ஜெபம் பண்ணிக் கிடைக்காதது ஒரு கையெழுத்தில் கிடைக்கும்போல இருந்தது. போட்டுவிட்டாள்.

தாதரில் ஒரு டாக்டர். அவர் நாடியைக்கூடப் பிடிக்கவில்லை. நரம்புத் தளர்ச்சி, ரத்த அழுத்தம் குறைவு, மதுபானம் தேவை என்று பரபரவென்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். விலாசம்தான் பிரச்சினையாயிற்று. செம்பூர்க் கட்டடத்துக்கு வரும் தபாலையெல்லாம் கீழ்வீட்டு ரோஸிதான் வாங்கி வைப்பாள். அவளும் அதே சபை. கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் யாரிடமும் கொடுக்க மாட்டாள். ஜோசப்ராஜ் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தான். பள்ளிக்கூட விலாசத்தைப் போட்டான்.

"அங்கன்னா இன்டர்வெல்ல தபால்காரன் நேரா உன் கையிலதான குடுப்பான்," என்றான்.

ஜெயசீலிக்கும் அது சரியாகத்தான் பட்டது. ரோஸிக்குப் பயந்த பயத்தில் வேறெதுவும் அவள் கண்ணில் படவில்லை. முதல் தடவை கவர் அப்படியே கைக்கு வந்தது. அடுத்த வருஷம் புதுப்பித்தபோதும் வந்தது. மாதாமாதம் ஜோசப்ராஜ் பெர்மிட்டை எடுத்துக்கொண்டு கோட்டையில் ஒரு கடைக்குப் போவான். "வீட்ல அவளுக்கு உடம்பு முடியல," என்று கடைக்காரனிடம் சொல்லிச் சொல்லி, வருத்தப்பட்ட முகம் அவனுக்குத் தானாகவே வர ஆரம்பித்துவிட்டது.

முதல் சனிக்கிழமை சுந்தரராமன் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஜோசப்ராஜ் பாட்டிலைத் திறந்து, சூடேறிக் கிடந்த சோடாவில் ஊற்றிக் கொடுத்தான். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு விளக்கெண்ணெய் குடித்த பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அடுக்களை வாசலில் நின்று பார்த்த ஜெயசீலிக்கு எரிச்சல் வந்தது. நம் வீட்டில் ஒருத்தர் ஒன்றைக் குடித்துவிட்டு இப்படி முகம் சுளிப்பதா? விருந்தாளியைப் பிடிக்கிறதோ இல்லையோ, கொடுக்கிற பண்டம் வாயில் வைக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஜாதி அவள்.

அவர் போன பிறகு பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தாள். மருந்து நெடிதான். ஆனால் அந்த நெடிக்கு அடியில் கொத்தமல்லி விதை மாதிரி, ஆரஞ்சுத் தோல் மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. அது மேலே வர வேண்டுமென்றால் இதற்குப் புளிப்பும் குளிர்ச்சியும் வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. வாயில் வைக்காமலே, வெறும் மூக்கை வைத்துக்கொண்டு அவள் அந்தத் தொழிலைப் பழகினாள்.

முதலில் ஒருதரம் கோட்டை விட்டாள். சர்க்கரைப் பாகு சூடாக இருக்கும்போதே ஜின்னை ஊற்றிவிட்டாள். வாசனையெல்லாம் ஆவியாகி அடுக்களை மணத்தது, கிளாஸில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு பாகை வெள்ளிக்கிழமையே காய்ச்சி ஆறவைத்துவிடுவாள். எலுமிச்சம் பழத்தைப் பிழிவதற்கு முன்னால் அதன் தோலைச் சர்க்கரைக் கட்டியில் தேய்த்து எண்ணெயை எடுத்துக்கொள்வாள். புதினாவை அரைக்கக்கூடாது, கசந்துபோகும். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போட்டால் போதும். வெள்ளரிக்காயைக் காகிதம்போலச் சீவி, கல்லுப்பு இரண்டு பரல் தூவி, தண்ணீர் விட்டதும் கிளாஸின் அடியில் போடுவாள். செம்பூர் ஸ்டேஷன் பக்கம் மரத்தூளில் புதைத்து வைத்து விற்கும் ஐஸ் பாளத்தை ஜோசப்ராஜ் கோணியில் சுற்றிக்கொண்டு வருவான். அதைக் குழவிக்கல்லால் தட்டி, கிளாஸ் நிரம்பப் போட்டு, மருந்து ஊற்றும் அவுன்ஸ் கிளாஸால் ஜின்னை அளந்து ஊற்றி, அதற்கு மூன்று பங்கு சோடாவைக் கிளாஸைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு விடுவாள். நேராக விட்டால் நுரைத்துச் செத்துவிடும் என்று அவளே கண்டுபிடித்தாள்.

மே மாதம் மாங்காய் வந்தது. சுட்ட மாங்காய்ச் சதையை வெல்லத்தோடும் வறுத்த சீரகத்தோடும் கரைத்து அதில் ஜின் விட்டாள். பக்கத்து வீட்டு மராட்டிக்காரி கொடுத்த கோக்கம் புளியை ஊறவைத்து, நன்னாரி சேர்த்து, ரத்தச் சிவப்பாக ஒன்று செய்தாள். சுந்தரராமன் அவற்றுக்கு ரயில் பெயர் வைத்தார். எலுமிச்சைக்கு லோக்கல், மாங்காய்க்கு ஃபாஸ்ட்.

"பேஷ்! ஜோசப், உன் ஆத்துக்காரி கைக்குத் தங்கக் காப்பு போடணும்யா. கல்கத்தா கிளப்புல வெள்ளைக்காரனே இப்படிக் குடிச்சிருக்க மாட்டான்," என்பார்.

சொன்னால் வெட்கமாக இருக்கும், ஆனால் ஜெயசீலிக்கு அது பிடித்திருந்தது. சபை இதைப் பாவம் என்று சொல்லும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், சனிக்கிழமை காலையில் தாதர் மார்க்கெட்டில் புதினாக் கட்டைப் புரட்டிப் பார்த்து வாங்கும்போது மனசு துள்ளும். அவள் சமைத்த மீன்குழம்பைப் பதினெட்டு வருஷமாகச் சாப்பிட்ட ஜோசப்ராஜ் ஒரு நாளும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. யாரோ ஒரு மேனேஜர் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சொன்னார்.

"உங்க வேலை விஷயம் என் மனசுல இருக்கு டீச்சர். அபயாகிட்ட சமயம் பார்த்துச் சொல்றேன்," என்று இரண்டாவது கிளாஸில் தவறாமல் சொல்வார்.

அறுபத்தைந்து ஜூனில் சமயம் வாய்க்கவில்லை. அறுபத்தாறு ஜூனில் சர்க்கார் கிராண்ட் வரவில்லை என்றார். அறுபத்தேழுக்கு உறுதி, நான் கேரண்டி என்றார். அதே ஜூன் கடைசியில்தான் கம்பெனியில் ஆபீசர் லிஸ்ட்டும் வரவிருந்தது. ஜோசப்ராஜின் பெயர் அதில் பென்சிலால் எழுதியிருக்கிறது என்று சுந்தரராமனே சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் பெர்மிட்டைப் புதுப்பித்து அனுப்ப சர்க்கார் ஆபீசில் தாமதமாயிற்று. ஏப்ரலில் வர வேண்டிய கவர் மே மாதம் வந்தது. பள்ளிக்கூடம் லீவு. ஜெயசீலி செம்பூரில் மாங்காய் சுட்டுக்கொண்டிருந்தாள். தபால்காரன் கவரைப் பூட்டிய கேட்டில் சொருகாமல், பொறுப்பாகக் கரஸ்பாண்டென்ட் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தான். தபாலைப் பிரித்துப் படிக்கும் அபயாம்பாள் அதையும் பிரித்தாள்.

ஜூனில் பள்ளி திறந்த அன்றைக்கே ஜெயசீலியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை காலை கமிட்டி, வந்து பதில் சொல்ல வேண்டும். அன்றைக்கு வகுப்புக்குப் போகக்கூட விடவில்லை. புதிதாக வந்த பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தன.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்.

"சனிக்கிழமை நீங்க எங்கூட வாங்க. நாந்தான் எடுக்கச் சொன்னேன், அவ தொட்டதே இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது போதும்."

ஜோசப்ராஜ் வேர்வையைத் துடைத்தான்.

"நான் எப்படிட்டி வர முடியும்? நீ எடுத்து யாருக்குக் குடுத்தன்னு கேப்பாவ. என்ன சொல்ல? லிஸ்ட்டு இந்த மாசக் கடைசியில வருது."

"அப்ப உங்க சாரைச் சொல்லச் சொல்லுங்க. கேள்வி கேக்கது அவரு பொஞ்சாதிதான?"

"கேட்டுப் பாக்கேன்."

மறுநாள் கேட்டுவிட்டும் வந்தான். சார் யோசித்தாராம். உடம்புக்கு மருந்தாகத்தான் சாப்பிடுகிறேன் என்று டீச்சரே சொல்லட்டும், டாக்டர் சர்டிபிகேட் இருக்கிறதே, சட்டப்படி தப்பில்லையே என்றாராம்.

"அதான் நல்லது ஜெயசீலி. வியாதின்னா யாரு என்ன சொல்ல முடியும்?"

"குடிக்காத நான் குடிக்கேன்னு போய்ச் சொல்லணும். அதான?"

"ஒரு வார்த்தைதானட்டி."

மற்றவர்கள் அவளுக்காகச் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை மலையாக இருந்தது. அவள் சொல்ல வேண்டியது மட்டும் ஒரு வார்த்தைதானாம். அந்த வாரம் பூராவும் அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டான். ஆனால் மறக்காமல் இரண்டு டஜன் எலுமிச்சம் பழம் வாங்கி வந்து வைத்தான்.

சனிக்கிழமை காலை மாதுங்காவில் மழை வருவதற்கு முந்தின புழுக்கம். கமிட்டி என்பது நாலு பெண்மணிகள். மேசைமேல் பெர்மிட் கிடந்தது. ஒருத்தி அதை விரல் நுனியால் தள்ளி வைத்துவிட்டு, கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"இது உங்களோடதுதானா டீச்சர்?" என்று கேட்டாள் அபயாம்பாள். ஐம்பதைத் தாண்டியிருந்தாள். பளிச்சென்று வைரத்தோடு, அதிர்ந்து பேசாத குரல்.

"எம்பேர்ல உள்ளதுதான்ம்மா. ஆனா நான் குடிக்க மாட்டேன். ஒரு நாளும் தொட்டதில்ல."

"அப்போ யார் குடிக்கறா?"

ஜெயசீலியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருக்கிறவளின் புருஷன் பெயர் அது. சொல்லிவிட்டால் லிஸ்ட்டில் பென்சிலால் எழுதின பெயரை அழித்துவிடுவார்கள். பதினெட்டு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டுப் படுத்த மனுஷன். மடையன்தான், கோழைதான், ஆனாலும் அவளுடைய மனுஷன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பதில் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். டீச்சர் பேரில் தங்களுக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை என்றும், குழந்தைகளின் நலனை உத்தேசித்து இந்த வருஷம் ஆர்டர் கொடுக்க இயலவில்லை என்றும் ஒருத்தி வாசித்தாள். கேட்டுக்கொண்டே இருந்தபோது ஜெயசீலிக்கு அழுகை வரவில்லை. காதுக்குள் மாடி வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம்தான் கேட்டது. ஏழாம் வாய்ப்பாட்டில் எப்போதும் இடறும் இடத்தில் இடறினார்கள். போய்த் திருத்த வேண்டும்போலக் கால் பரபரத்தது.

மற்ற மூன்று பேரும் போன பிறகு அபயாம்பாள் வராந்தா வரைக்கும் கூட வந்தாள். ஜெயசீலிக்கு அப்போதுதான் வாய் திறந்தது.

"அம்மா, நீங்க யாரு குடிக்கான்னு கேட்டீங்கல்லா. சொல்லுதேன். அது வந்து..."

"சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும்."

அபயாம்பாள் பின்னால் கதவைச் சாத்தினாள்.

"செம்பூர்ல சனிக்கிழமை பஜனைன்னு சொல்லிட்டுப் போறார். ஏலக்காயை மென்னுண்டு வரார். சட்டையெல்லாம் புதினா வாசனை. எந்தப் பஜனைல புதினா கொடுக்கறா? ரெண்டு வருஷமாத் தெரியும். யாராத்துக்குப் போறார்னுதான் தெரியாது. இந்தக் கவர் வந்தப்புறம் தெரிஞ்சுது. உங்க ஆத்துக்காரர் இவர் ஆபீஸ்தானே."

"தெரிஞ்சுமா என்னை நீக்குனீங்க?" என்றாள் ஜெயசீலி. "நான் ஒரு தப்பும் பண்ணலன்னு தெரிஞ்சுமா?"

அபயாம்பாள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"போன கோடையில ஒருநாள், வெள்ளரிக்காய் சீவிப்போட்டு எலுமிச்சம்பழ ஜலம் பண்ணிக் கொடுன்னார். பண்ணினேன். இப்படி இல்லேன்னார். உப்புப் பரல் ரெண்டுதான் போடணும்னார். மறுபடியும் பண்ணினேன். வாயில வச்சுட்டுக் கீழே வச்சுட்டார். நாப்பது வருஷமா என் கையாலதான் சாப்பிடறார். எங்கேயோ ஒருத்தி கை அவருக்கு ருசிச்சுப்போச்சு." கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். "அவரை நிறுத்த என்னால முடியாது. உங்களை நிறுத்த முடியும். நிறுத்திட்டேன்."

"எனக்கு இந்தப் பிள்ளைகளை விட்டா வேற ஒண்ணும் இல்லம்மா."

"வேற ஸ்கூல்ல உங்களைப் பத்திக் கேட்டா தப்பா எழுத மாட்டேன். நல்லதாவும் எழுத மாட்டேன்." அவ்வளவுதான். பெர்மிட்டைக் கமிட்டி ஃபைலில் வைத்துக் கட்டி, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

குர்லாவில் எத்தனையோ வண்டியை விட்டுவிட்டு ஜெயசீலி செம்பூர் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு மராட்டிக்காரி ஜாடையில், ஸ்டேஷன் பக்கம் போனார் என்றாள். படியில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்து, தண்ணீர் சொட்டும் கோணியைத் தோளில் வைத்துக்கொண்டு ஜோசப்ராஜ் வந்தான்.

"என்ன ஆச்சி?"

"போச்சி."

அவன் கோணியை அடுக்களையில் இறக்கி வைத்துவிட்டு வந்து, முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டான்.

"சரி விடு. நான் ஆபீசர் ஆயிட்டா நீ எதுக்கு வேலைக்குப் போணும்? குர்லாவுல இடிபட்டுச் சாவணும்னு என்ன தலையெழுத்தா? ராணி மாதிரி வீட்ல இரி."

"அந்தம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. இவரு குடிக்கிறது ரெண்டு வருஷமா தெரியுமாம், கவர் வந்தப்புறம் இங்கதான்னும் தெரிஞ்சிட்டாம்."

ஜோசப்ராஜின் முகம் வெளுத்தது. அவள் தனக்காகத்தான் என்று ஒரு நொடி நினைத்தாள்.

"சாருக்குத் தெரியுமா? அந்தம்மாவுக்குத் தெரியும்கிறது இவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுபோல."

"அப்பச் சொல்லிராத, ஆண்டவர் பேரால சொல்லுதேன், வாயைத் திறந்துராத. தெரிஞ்சிதுன்னா அவரு இங்க வாரதை நிறுத்திருவாரு."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினெட்டு வருஷத்தில் அவனை அப்படி முழுசாகப் பார்த்ததில்லை. அவனுக்கு அவள்மேல் கோபம்கூட இல்லை. அவள் அந்தக் கணக்கிலேயே இல்லை. உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு, வாசல் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். எலுமிச்சம் பழத்தைத் தொடவில்லை. அவன் இரண்டு தரம் எட்டிப் பார்த்தான்.

ஐந்தரைக்கு சுந்தரராமன் வந்தார். சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு, "என்ன வெயில்யா, ஃபாஸ்ட் உண்டோ?" என்றபடி கட்டிலில் சாய்ந்தார். வாசலில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் அவர் கண் ஜன்னலுக்குப் போயிற்று. காலையில் கமிட்டி என்பது அவருக்குத் தெரியும். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

ஜோசப்ராஜே கலந்தான். புதினாவைக் கசக்கினான், சோடாவை நேராகக் கொட்டினான், நுரை பொங்கித் தரையில் வழிந்தது. சுந்தரராமன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைப் பார்த்தார்.

"இன்னிக்கு டீச்சர் கலக்கலையா?"

"அவளுக்கு உடம்பு முடியல சார்," என்றான் ஜோசப்ராஜ். கடையில் சொல்லிப் பழகிய அதே முகம்.

"அப்படியா. உடம்பைப் பார்த்துக்கணும்." அவர் இன்னொரு வாய் குடித்தார். பிறகு அவருக்கு முக்கியமாக இருந்ததைக் கேட்டார். "ஏன் ஜோசப், பாட்டில்ல கொஞ்சம்தான் இருக்கு போலிருக்கே. அந்தப் பெர்மிட் திரும்பிக் கையில வந்துடுத்தோ?"

ஸ்டூலில் இருந்தவள் எழுந்தாள்.

"அது உங்க வீட்டம்மா கையில இருக்கு சார்," என்றாள். வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்க வேண்டும் என்று பேசும் குரல். "நீங்க சனிக்கிழமை குடிக்கிறது அவங்களுக்கு ரெண்டு வருஷமா தெரியும், எங்க வந்து குடிக்கீங்கன்னு இப்பத் தெரியும். பஜனையில புதினா குடுக்க மாட்டாங்களாம். பெர்மிட்டு வேணும்னா அவங்ககிட்ட கேட்டு வாங்கிக்கிடுங்க."

சுந்தரராமன் கிளாஸைக் கீழே வைத்தார். எழுந்தார், காலரைப் பொத்தான் போட்டு மூடினார். ஜோசப்ராஜ் "சார், சார்" என்று பின்னாலேயே மாடிப்படி வரைக்கும் ஓடினான். அவர் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். பென்சில் எழுத்தை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஜோசப்ராஜுக்கு அந்தப் படியில் நிற்கும்போதே தெரிந்துவிட்டது.

திரும்பி வந்தவன் கதவை அறைந்து சாத்தினான். கீழ்வீட்டு ரோஸிக்குக் கேட்கும் என்ற பயம்கூட அவனுக்கு அன்றைக்கு இல்லை.

"என் வேலைக்கு உலை வச்சிட்டியேட்டி! பாவி! இருவது வருஷ உழைப்புட்டி! ஒரு நிமிஷம் உன் புருஷனை நினைச்சிப் பாத்தியா?"

"காலையில அந்த நாலு பேரு முன்னால நின்னு உங்களை மட்டும்தான் நினைச்சேன்," என்றாள் ஜெயசீலி. "என் வேலை போயி நான் வந்து நிக்கும்போது நீங்க ஐஸ் வாங்கப் போயிருந்தீய."